மிச்சச் சோற்றை அம்மா தலையில் கட்டலாமா?

நொய்யல் கரையான் (ஈரோடு)
நேராகவே கேட்கிறேன். எங்கள் வீட்டில் ராத்திரி குண்டாவில் சோறு மிஞ்சாத நாள் குறைவு. கொட்ட மனசு வராமல் அம்மா அதை மறுநாள் காலையில் சாப்பிட்டு முடிப்பார். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போடுகிறார். சோற்றைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னதால் மதியம் வட்டலில் குறைத்துக்கொள்கிறார். குறைத்ததெல்லாம் மிச்சம் என்ற பெயரில் காலையில் உள்ளே போய்விடுகிறது. கேட்டால், "அன்னத்தைக் கொட்டினால் பாவம்."

என் கட்சி இதுதான்: தேவைக்கு மேல் வயிற்றில் போடுவதும் வீணாக்குவதுதான். அதைவிடக் கொட்டிவிடலாம். மறுப்பவர்கள் வாங்க.

காங்கயத்தான்
கொட்டச் சொல்ல எப்படிங்க வாய் வருது? எங்கள் தோட்டத்து வீட்டில் குப்பைக்கூடைக்கு வேலையே இல்லை. அரிசி கழுவிய தண்ணி, காய்த்தோல், மிஞ்சின சோறு எல்லாம் கழனித்தொட்டிக்குப் போகும். கட்டுத்தரையில் மாடு குடிக்கும், சாணி காட்டுக்கு உரமாகும். மாட்டை விற்றுவிட்டு அபார்ட்மெண்ட் வாங்கினவர்களின் பிரச்சினை இது. அதற்காக ஊரே சோற்றைக் கொட்டணும் என்று சட்டம் பேசாதீங்க.

ஊசி போடுறவன் (நாமக்கல்)
காங்கயத்து அண்ணா, கழனித்தண்ணி சரி. சோற்றை மாட்டுக்குப் போடுவதில் ஒரு அளவு இருக்குங்க. அசைபோடும் மாட்டின் பெருவயிறு நாருக்குப் பழகினது. திடீரென்று நிறையச் சோறோ பொங்கலோ உள்ளே போனால் அது வேகமாகப் புளித்து அமிலம் ஏறும். மாடு தீனி எடுக்காது, வயிறு உப்பும், கழியும், சமயத்தில் செத்தும் போகும். விசேஷ வீட்டில் மிஞ்சினதைக் கூடையோடு கொண்டுவந்து கொட்டிவிட்டு, மறுநாள் விடியுமுன் எங்களுக்குப் போன் போடுகிறார்கள். கல்யாணம், பொங்கல் முடிந்தால் எனக்குத் தூக்கம் கிடையாது. ஒரு கை, இரண்டு கை என்றால் பரவாயில்லை. மாடு ஒன்றும் குப்பைத்தொட்டி இல்லை.

காங்கயத்தான்
வீட்டுச் சோறு ஒரு கைதானே தம்பி மிஞ்சும்? கல்யாண வீட்டுக் கதையை இங்கே ஏன் கொண்டுவர்றீங்க?

சிங்காநல்லூர் மாடிவீடு
மாடு இல்லாதவர்களைப் பற்றியும் பேசுவோம். நாங்கள் கொட்டுவதெல்லாம் கோவை வெள்ளலூர்க் குப்பைக் கிடங்குக்குத்தான் போகிறது. 2024 ஏப்ரலில் அந்தக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தபோது சுற்றுவட்டாரத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. ஈரக்குப்பை காற்றில்லாமல் குவியலுக்குள் மட்கினால் மீத்தேன் வரும், எரிகிற வாயு அது. 'கொட்டிவிடலாம்' என்று ஈரோட்டுக்காரர் சுலபமாகச் சொல்லிவிட்டார். எங்கே கொட்டுவது?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாகிறது. நாலு பேர் குடும்பத்துக்கு 220 கிலோ. வெட்கமாக இல்லையா?

சத்துணவுப் படிப்பு
அந்த 55 கிலோவில் தோல், எலும்பு, கொட்டை என்று தின்ன முடியாதவையும் சேர்த்தி. அதே அறிக்கையில் உலகச் சராசரி 79 கிலோ. நாம் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் முருங்கைக்காய்ச் சக்கைக்கும் வாழைப்பழத் தோலுக்கும் வெட்கப்பட வேண்டாம்.

கொட்டுவதா தின்பதா என்ற சண்டையே தாமதமாக ஆரம்பிக்கிறது. குண்டா ஏன் அவ்வளவு பெரிது? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காயும் கீரையும் 400 கிராம் என்று போட்டிருக்கிறது. எல்லாம் சமைக்காத எடை. காலை இட்லிக்குள் இருக்கும் அரிசியும் ராத்திரிச் சப்பாத்தியும் அந்த 250இல் அடக்கம். நம் வீடுகளில் இது தலைகீழ்: சோறு மலையாக, பொரியல் ஊறுகாய் அளவுக்கு. வட்டலில் பாதி இடம் காய்க்கு என்றானால் மிச்சச் சோறு என்ற பேச்சே பாதி குறையும்.

சிங்காநல்லூர் மாடிவீடு
காயைக் கூட்டினால் காய் அழுகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆரோக்கியம் என்று சொல்லித்தான் ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில் பை நிறைய வாங்குகிறோம். வியாழக்கிழமை கீரை கொழகொழவென்று ஆகிவிடுகிறது, வெள்ளரி தண்ணி விட்டுக் கிடக்கிறது. சோறாவது தண்ணி ஊற்றினால் காலைக்கு ஆகும்.

பெருந்துறை அம்மணி
ஆண்பிள்ளைகள் எல்லாரும் கணக்கு நல்லாத்தான் போடுறீங்க. சோறு ஏன் மிஞ்சுது என்று நான் சொல்கிறேன். ஆறு மணிக்கு, "ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடுறேன்." ஒன்பதரைக்கு, "ஃப்ரெண்ட் கூப்பிட்டான், பரோட்டா சாப்பிட்டாச்சு." உலை வைத்தவளுக்கு ஜோசியமா தெரியும்? பிள்ளைகளும் அப்படித்தான், பாதிச் சோற்றோடு எழுந்து நூடுல்ஸ் கேட்கும். மிஞ்சினதைக் கொட்டினால் மாமியார் பார்வை, வைத்திருந்தால் அடுத்த நாள் அதை எடுப்பதும் நாங்கள்தான். நொய்யல் கரையான் தம்பி, உங்கள் அம்மா மிச்சம் சாப்பிடுகிறார் என்று கவலைப்படுகிறீங்க, நல்லது. அந்த மிச்சம் யார் பங்கு என்று என்றைக்காவது பார்த்தீங்களா?

நொய்யல் கரையான் (ஈரோடு)
அக்கா, மிஞ்சுவது என் பங்கு என்றே வைத்துக்கொள்ளுங்க. என் பங்கை நான் தின்னாததற்குத் தண்டனை அம்மாவுக்கு எதற்கு? அதைத்தானே கேட்கிறேன். போன் பண்ணிச் சொல்லிவிட்டு வெளியே சாப்பிட்ட நாளிலும் சோறு மிஞ்சத்தான் செய்கிறது. "யாராவது வந்தால்?" என்று ஒரு ஆள் அளவு கூடப் போடுவது அம்மாவின் வழக்கம்.

காங்கயத்தான்
பழைய சோறு தின்றுதான் எங்கள் அப்பாரு கடைசி வரைக்கும் ஏர் ஓட்டினார். அதை விஷம் மாதிரிப் பேசுறீங்க.

சத்துணவுப் படிப்பு
விஷம் என்று யாரும் சொல்லலைங்க ஐயா. ஆறின சோற்றில் மாவுச்சத்தில் கொஞ்சம் சீக்கிரம் செரிக்காத வகையாக மாறுகிறது, அது உண்மை. ஆனால் கொஞ்சம்தான். வட்டல் நிறையத் தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அப்பாரு ஏர் ஓட்டினார், அது செலவாயிற்று. இந்த அம்மா சீரியல் பார்க்கிறார். கூட உப்பும் மோர் மிளகாயும் வேறு. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார அமைப்பு.

ஒன்றை மட்டும் எல்லாரும் கவனியுங்க. ஃபிரிட்ஜிலும் வைக்காமல், தண்ணியும் ஊற்றாமல் அடுப்பு மேடையில் மூடி வைத்த சோற்றை மறுநாள் சூடு பண்ணித் தின்ன வேண்டாம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்து, உலையில் வெந்தும் சாகாது. வெதுவெதுப்பில் பெருகி நஞ்சு விடும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு சூடு பண்ணினாலும் போகாது. மிஞ்சும் என்று தெரிந்தால் ராத்திரியே சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடணும்.

பெருந்துறை அம்மணி
இது பிரயோசனமான பேச்சு. நான் ஒன்று சேர்க்கிறேன். குழம்பு, ரசம், பொரியல், சோறு என்று நாலு பாத்திரம் வைத்தால் நாலிலும் மிஞ்சும். ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சாதம் வைத்துப் பாருங்க, ஒரே குக்கர். பருப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, அரிசியைக் குறைத்து, ஒரு கை முருங்கைக்கீரை உருவிப் போட்டால் சத்துணவுத் தங்கச்சி சொல்கிற கணக்குக்கும் கிட்டத்தில் வரும். கொள்ளு வேகவைத்தால் தண்ணி ரசத்துக்கு, கொள்ளு கடையறதுக்கு. பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு. சிங்காநல்லூர்க்காரர் கீரையை ஞாயிற்றுக்கிழமை வாங்கி வியாழக்கிழமை சமைத்தால் அது கீரை குற்றமா?

சிங்காநல்லூர் மாடிவீடு
வேலைக்குப் போகிறவன் தினம் சந்தைக்குப் போக முடியுமா அக்கா? தோல் துவையல் எல்லாம் வீட்டில் ஆள் இருந்தால் ஆகும். எங்கள் வீட்டில் இரண்டு பேருமே எட்டு மணிக்கு பஸ் ஏறுகிறோம்.

பெருந்துறை அம்மணி
அப்ப வாரத்துக்கு ஒரு பை வாங்காதீங்க, அரைப் பை வாங்குங்க. நானும் மில்லுக்குப் போகிறவள்தான்.

நொய்யல் கரையான் (ஈரோடு)
சரி, விருந்தாளி விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? அம்மாவைப் பொறுத்தவரை எல்லாம் அங்கேதான் நிற்கிறது.

சத்துணவுப் படிப்பு
இட்லி மாவு இல்லாத வீடு நம் பக்கம் உண்டா? திடீரென்று யாராவது வந்தால் தோசை ஊற்றலாம். இல்லையென்றால் குக்கரில் ஒரு டம்ளர் அரிசி, அரை மணி நேரம். வராத விருந்தாளிக்காக வருஷம் முழுக்க உலை வைக்கணுமா?

காங்கயத்தான்
சம்பந்தி வீட்டார் மதியம் ஒரு மணிக்கு வந்து இறங்கும்போது தோசைக்கல்லைத் தூக்கி வைங்க பார்ப்போம். அப்புறம் அந்தப் பேச்சு எந்த நோம்பியில் ஓயும் என்று நான் கேட்கிறேன்.