பழைய 5.7 லிட்டர் பிக்அப்: குறைந்த செலவில் இழுவையைக் கூட்ட எதை முதலில் மாற்றலாம்?

மேட்டுவண்டி:
என்னிடம் இருப்பது 1993 ஷெவர்லே சி1500. 5.7 லிட்டர் வி8, த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன், ஆட்டோ கியர். காலியாக ஓடும்போது ஒரு குறையும் இல்லை. டிரெய்லரை மாட்டி மேடு ஏறினால்தான் சத்தம் மட்டும் கூடுகிறது, வண்டி நகர்வதில்லை. என் பட்ஜெட்டுக்கு ஏதாவது ஒன்றைத்தான் செய்ய முடியும். கேம் ஷாஃப்டா (வால்வுகளைத் திறக்கும் தண்டு), வோர்டெக் ஹெட்டா (பின்னாளில் வந்த இன்ஜினின் சிலிண்டர் ஹெட்), இல்லை கோன் ஃபில்டரும் இரட்டை சைலன்சருமா?

வி8பிரியன்:
சந்தேகமே வேண்டாம், கேம்தான். ஐடிலில் அது தடதடக்கிற சத்தத்துக்கே போடலாம்!

கிரீஸ்கை:
சத்தம் டிரெய்லரை இழுக்காது தம்பி. அந்த இன்ஜினின் கம்ப்யூட்டர், மேனிஃபோல்டு வேக்குவத்தை, அதாவது காற்று உள்ளே போகும் குழாயில் இருக்கும் உறிஞ்சலைப் பார்த்துத்தான் பெட்ரோல் அளவை முடிவு செய்கிறது. பெரிய கேம் போட்டால் ஐடிலில் வேக்குவம் குறையும். லோடு ஏறிவிட்டது என்று நினைத்து அது பெட்ரோலைக் கொட்டும். அப்புறம் சிப் ட்யூனிங், அதற்கு ஒரு தனிச் செலவு.

வோர்டெக் ஹெட் நல்ல சரக்கு, மறுக்கவில்லை. உங்கள் இன்ஜின் 210 குதிரைத்திறன். 1996-இல் வந்த வோர்டெக் 5.7 அதுவே 255. ஆனால் இன்டேக் மேனிஃபோல்டின் போல்ட் அமைப்பே வேறு, அதையும் மாற்ற வேண்டும். கோன் ஃபில்டரோ பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கும். பழைய டப்பாவே மேல்.

காசு செலவழிக்கும் முன் கம்ப்ரெஷன் பாருங்கள். பெட்ரோல் பிரஷர் 9 முதல் 13 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருந்தால் நீங்கள் சொல்லும் இதே குறைதான் வரும். ஸ்பார்க் டைமிங்கை டைமிங் லைட் வைத்து செட் பண்ணும்போது பழுப்பில் கறுப்புக் கோடு போட்ட அந்த ஒற்றை ஒயரைக் கழற்றிவிட்டு 0 டிகிரியில் வையுங்கள். கழற்றாமல் வைத்தால் காட்டுகிற அளவு பொய். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, கிளவ் பாக்ஸில் கோட் ஸ்டிக்கர் இருக்கும், பின் ஆக்ஸிலின் கியர் விகிதமும் அதில் தெரியும். அதில் ஜியூ4, ஜியூ6, ஜிடி4 இவற்றில் எது இருக்கிறது?

மேட்டுவண்டி:
ஜியூ4 அண்ணா. கம்ப்ரெஷன் எட்டு சிலிண்டரிலும் கிட்டத்தட்ட சமம். பிரஷர் 11. டைமிங்கும் நீங்கள் சொன்னபடி வைத்தாயிற்று, கன்வெர்ட்டரில் அடைப்பு இல்லை.

கிரீஸ்கை:
அப்படியென்றால் இன்ஜினைத் தொடவே வேண்டாம். ஜியூ4 என்றால் 3.08 கிரவுன் பினியன் (பின் ஆக்ஸிலின் பல்சக்கர ஜோடி; டிரைவ் ஷாஃப்ட் 3.08 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும்), ஹைவேயில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கக் கொடுத்தது. ஜிடி4, அதாவது 3.73 போட்டால் எல்லா கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவை 21 சதவீதம் கூடும். எந்தக் கேமும் குறைந்த ஆர்பிஎம்மில் இவ்வளவு தராது.

கிரவுன் செட் வாங்கி ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைத்து செட் பண்ண ஆள் கூலி அதிகம். அதே தலைமுறை சி1500-இன் 3.73 பின் ஆக்ஸிலை உடைப்பு வண்டியிலிருந்து முழுசாக வாங்கி மாட்டுவது மலிவு. ஃபோர் வீல் டிரைவாக இருந்தால் முன்பக்கமும் மாற்ற வேண்டும், உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

வி8பிரியன்:
ஸ்பீடாமீட்டர் தப்பாகக் காட்டுமே?

கிரீஸ்கை:
காட்டும். சென்சார் கியர்பாக்ஸின் பின்முனையில் இருப்பதால், நிஜத்தைவிட 21 சதவீதம் கூடுதலாகக் காட்டும். டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள அதன் மாட்யூலைத் திருத்தினால் சரியாகிவிடும். கியர் விழும் நேரமும் அதை வைத்துத்தான், எனவே தள்ளிப்போடாதீர்கள். மிச்சக் காசில் ஆட்டோ கியர்பாக்ஸின் ஆயிலுக்கு ஒரு தனி கூலர். டிரெய்லர் மாட்டினால் ஓவர்டிரைவில் (கடைசி, நான்காவது கியர்) விடாமல் மூன்றாவதில் ஓட்டுங்கள்.