அண்ணன் அனுப்பும் பிள்ளை வளர்ப்புப் பணம் தங்கைக்கு வருமானமா?

தக்கலைத் தங்கை: அண்ணனும் மைனியும் குவைத்தில் வேலை பார்ப்பதால், அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் என்னோடு இருக்கிறார்கள். அண்ணன் மாதந்தோறும் 25,000 ரூபாய் அனுப்புகிறார். பள்ளிக் கட்டணம், வேன், சாப்பாடு என 15,000 போக மீதி 10,000 ரூபாயை, மார்த்தாண்டத்துத் துணிக்கடை வேலையை நான் விட்டதற்காக வைத்துக்கொள்ளச் சொன்னார். இதை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டுமா?

குழித்துறை வாசகர்: வேண்டியதில்லை. 2025-26ஆம் நிதியாண்டு வரை பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 56(2)(x) பிரிவின்படி உடன்பிறந்தவர் தரும் பணத்துக்கான வரி விலக்குக்கு உச்சவரம்பே கிடையாது. வளைகுடாப் பணத்தில் பிள்ளைகள் வளரும் வீடுகள் நம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அண்ணன் பிள்ளைகளை அத்தை வளர்ப்பதைக் கூலி வேலையாக எழுதச் சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன்.

நாகர்கோவில் கணக்கர்: நீங்கள் சொல்லும் விலக்கு, கைம்மாறாக எதையும் பெறாமல் கொடுக்கும் பணத்துக்கு மட்டுமே உரியது. 15,000 ரூபாய் பிள்ளைகளுக்கே செலவாவதால் அது தங்கையின் வருமானம் ஆகாது. ஆனால் 10,000 ரூபாய், விட்டுவந்த சம்பளத்துக்கு ஈடாக, பார்க்கும் வேலைக்காக மாதந்தோறும் வருகிறது. வேதாந்தம் கற்பித்த திருவிதாங்கூர் கிருஷ்ண மேனோனுக்குச் சீடர் ஒருவர் விரும்பிக் கொடுத்த பணத்தையே உச்ச நீதிமன்றம் வருமானம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. அன்பாகக் கொடுத்தார் என்பதால் மட்டும் வரி விலகிவிடாது.

குழித்துறை வாசகர்: அந்தத் தீர்ப்பு, கற்பிப்பதை அவருடைய தொழிலாகவே கண்டு சொல்லப்பட்டது. இந்தத் தங்கை ஊரார் பிள்ளைகளையா பார்த்துக்கொள்கிறார்? அடுத்த மாதம் அண்ணன் பணத்தை நிறுத்தினால் இவர் வழக்குப் போடப் போவதுமில்லை, பிள்ளைகளை வெளியே அனுப்பப் போவதுமில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு இரவெல்லாம் ஈரத்துணி போட்டுவிடும் அத்தையை வேலைக்காரியாகக் கணக்கில் எழுதுவது சட்டத்தின் நோக்கமே அல்ல.

நாகர்கோவில் கணக்கர்: தொழில் அல்ல என்ற வாதத்தில் வலு இருக்கிறது, அதிகாரி ஏற்கவும் கூடும். எனினும் தொகையும் காரணமும் முன்கூட்டியே பேசி முடிவான இடத்தில், ஆண்டுக்கு 1,20,000 ரூபாயை இதர வருமானமாகக் காட்டிவிடுவதே பாதுகாப்பு என்பேன். வேறு வருமானம் இல்லையென்றால், 2025-26ஆம் நிதியாண்டில் புதிய வரி முறையின் அடிப்படை விலக்கான 4 லட்சத்துக்குள் இது அடங்கிவிடும். ஒரு ரூபாய்கூட வரி வராது. பணம் அனுப்புவது பெரியப்பா மகனாக இருந்தால்தான் உண்மையான சிக்கல். அவர் சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலில் இல்லை. அன்பளிப்பென்றே வைத்துக்கொண்டாலும், அத்தகையோரிடமிருந்து ஓராண்டில் வந்தது 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் விலக்கு போய்விடும்.

குழித்துறை வாசகர்: பெரியப்பா மகன் விஷயத்தில் மறுப்பில்லை. அண்ணன் கொடுப்பதைக் காட்டத் தேவையில்லை என்பதில் நான் மாறவில்லை.

தக்கலைத் தங்கை: பிள்ளைகளின் செலவையும் எனக்கானதையும் தனித்தனியாக அனுப்பும்படி அண்ணனிடம் சொல்கிறேன். பள்ளி ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன. அந்த 10,000 ரூபாயைக் கணக்கர் சொன்னபடி காட்டிவிடுகிறேன்.