ஒன்ராறியோவில் வாடகைக்கு வீடு எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ரொறன்ரோவுக்குப் புதிதாக வரும் தமிழர்களில் பலர், தெரிந்தவர்கள் மூலம் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ கிடைக்கும் பேஸ்மன்ட்டில்தான் (வீட்டின் நிலத்தடித் தளத்தில்) முதலில் குடியேறுகிறார்கள். அங்கே முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே சமையலறையையும் குளியலறையையும் யாருடன் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும் என்று கேட்டுவிடுங்கள். அதே கட்டடத்தில் வசிக்கும் உரிமையாளருடனோ, அவருடைய துணைவர், பெற்றோர், பிள்ளைகளுடனோ இவற்றில் ஒன்றையாவது கட்டாயம் பகிர வேண்டும் என்றால், ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. நான் கீழே சொல்லும் பாதுகாப்புகள் எவையும் அப்போது உங்களுக்கு இல்லை. ஆகவே, வீட்டை விடச் சொல்வதென்றால் எத்தனை வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும், முற்பணம் எப்போது திரும்பும் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்வது மிகவும் அவசியம்.

தனிச் சமையலறையும் தனிக் குளியலறையும் உள்ள பேஸ்மன்ட் என்றால், அதற்கு நகராட்சியின் அனுமதி இல்லாவிட்டாலும்கூடச் சட்டம் உங்களைக் காக்கும். "இது பதிவில்லாத பேஸ்மன்ட், நீங்கள் எங்கும் முறையிட முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் உயிர்ப் பாதுகாப்பு வேறு விடயம்: புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியும் வேலை செய்கின்றனவா, தீப்பிடித்தால் வெளியேற வழி உண்டா என்பவற்றை நேரில் பார்க்காமல் பிள்ளைகளுடன் அங்கே குடியேற வேண்டாம்.

சென்னையில் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துப் பழகியவர்களுக்கு, இங்கே ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்பது தவறாகத் தோன்றுவதில்லை. ஒன்ராறியோச் சட்டப்படி, முதல் மாத வாடகையோடு, கடைசி மாத வாடகைக்கான முற்பணத்தை மட்டுமே உரிமையாளர் கேட்கலாம். மாத வாடகை என்றால் அந்த முற்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதற்கு ஆண்டுதோறும் வட்டியும் தர வேண்டும். வீடு சேதமானால் கழித்துக்கொள்வதற்கென்று தனி டெபாசிட் வாங்குவது சட்டவிரோதம். சாவிக்கு வாங்கும் தொகை, சாவியை மாற்ற ஆகும் உண்மைச் செலவைத் தாண்டக் கூடாது. சாவியைத் திருப்பிக் கொடுத்ததும் அந்தத் தொகை உங்களுக்குத் திரும்ப வேண்டும். உங்களுக்குக் கடன் வரலாறு (கடன்களை வாங்கித் திருப்பிக் கட்டிய பதிவு) இல்லை என்பதை ஒரு குறையாகக் கருதக் கூடாது என்பதே மாகாண மனித உரிமை ஆணையத்தின் நிலைப்பாடு. வேலைக் கடிதத்தையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் காட்டிப் பேசுங்கள்.

நம்மவர்களிடையே அண்ணை, அக்கா என்று அழைத்துப் பழகியபின் ரசீது கேட்கக் கூச்சம் வருகிறது. அந்தக் கூச்சத்தால் எந்த ஆதாரமும் இல்லாமல் நிற்பவர்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கேட்டால் ரசீதை இலவசமாகத் தருவது உரிமையாளரின் கடமை. வீட்டைப் பார்க்காமல் யாருக்கும் இ-டிரான்ஸ்ஃபர் (இணைய வழிப் பணப் பரிமாற்றம்) செய்ய வேண்டாம். மாகாண அரசின் பொது வாடகை ஒப்பந்தப் படிவத்தையே கேட்டு வாங்குங்கள். 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான வாடகைகளுக்கு அது கட்டாயம்.

வாடகையை 12 மாதத்துக்கு ஒருமுறைதான் உயர்த்தலாம். அதற்கும் 90 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். 2025இல் இந்த உயர்வின் உச்ச வரம்பு 2.5 சதவீதமாக இருந்தது. ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்பட்ட வீடுகளுக்கு இந்த வரம்பு கிடையாது. புதிய கொண்டோக்களும் (அடுக்குமாடி வீடுகளும்) புதிதாக அமைத்த பல பேஸ்மன்ட்டுகளும் இதில் அடங்குவதால், வீட்டில் முதன்முதலாக எப்போது குடியேறினார்கள் என்று விசாரியுங்கள்.

ஒப்பந்தத்தோடு என்-11 என்ற படிவத்தையும் நீட்டினால் கையெழுத்திடாதீர்கள். நீங்களாகவே வீட்டை விட்டுப் போக உடன்படுவதாக அது எழுதிக்கொடுப்பது. உரிமையாளர்-வாடகையாளர் பிணக்குகளைத் தீர்க்கும் வாடகைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு இல்லாமல் உரிமையாளர் உங்களை வெளியேற்ற முடியாது. உத்தரவு கிடைத்தாலும் அதை நிறைவேற்றுபவர் நீதிமன்ற அமலாக்க அதிகாரியான ஷெரிஃப்தான். பூட்டை மாற்றுவதும் சாமான்களை வெளியே வைப்பதும் குற்றம்.

உதவிக்கு, உங்கள் பகுதியின் சமூகச் சட்ட உதவி மையத்தை அணுகுங்கள். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு ஆலோசனை இலவசம். சட்டவிரோதமாக வாங்கிய பணத்தைத் திரும்பப் பெற, வாங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.