காசிமேட்டிலிருந்து கருப்பு-வெள்ளை: வானம் வெளுத்தே வருகிறது, என்ன செய்யலாம்?

தண்டையார்பேட்டை தம்பி:
வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்து அலைத்தடுப்புப் பாறைமேல் நின்று, தெற்கே தெரியும் சென்னைத் துறைமுகக் கிரேன்களையும் மேற்கே ஊரையும் கருப்பு-வெள்ளையில் எடுத்து வருகிறேன். என்னிடம் 18-55 மி.மீ. (அகலக் காட்சி) லென்ஸும் 55-200 மி.மீ. (தூரத்தை நெருக்கிக் காட்டும்) லென்ஸும் இருக்கின்றன. படத்தில் முக்கால்வாசி வெறும் வெள்ளை வானம், கீழே மெல்லிசாக ஒரு கருப்புக் கோடு, அதுதான் ஊராம். கணினியில் நீல நிறத்தை மட்டும் கருமையாக்கும் நீல ஸ்லைடரைக் குறைத்துப் பார்த்தால் வானம் அசையவே இல்லை, நீலச் சாயம் அடித்த படகுகள்தான் கரியாகின்றன. செபியா என்கிற பழுப்பு நிறம் போட்டால் பழைய கல்யாண ஆல்பம் மாதிரி ஆகிவிடுகிறது. அக்கா வீட்டு ஹாலில் மாட்ட 12-க்கு 18 அங்குல அளவில் ஒரு பிரிண்ட் வேண்டும். வழி சொல்லுங்கள்.

ராயபுரம் இருட்டறை:
தம்பி, வானத்தில் நீலம் இருந்தால்தானே நீல ஸ்லைடர் வேலை செய்யும்? நம் கடலோர மூட்டம் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கிறது, அதனால்தான் வெள்ளை. ஃபிலிம் காலத்தில் நீல வானத்தைக் கருமையாக்கும் சிவப்பு ஃபில்டர் மாட்டினாலும் இதே கதைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை விட்ட சாயங்காலம் போ, மேகம் கிடைக்கும். மற்ற நாட்களில் வானத்துக்கு இடமே கொடுக்காதே, படத்தை அகலவாக்கில் வெட்டிவிடு.

காலையில் கடலிலிருந்து வரும் வெயில் ஊரின் முகத்தில் நேராக அடித்துத் தட்டையாக்கிவிடும். மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும். உருவங்கள் தனியாக நிற்கும். அதிலும் டிசம்பரில் தென்மேற்காக, 5.40 வாக்கில் மறைவதால் கிரேன் பக்கத்து வானம் சிவக்கும். மே, ஜூனில் வடமேற்கே தள்ளிப்போய் ஆறரை வாக்கில்தான் மறையும், அப்போது வீடுகள் பக்கம் திரும்பு. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் உள்ளேயே கட்டிக் கிடக்கும், எங்கே பார்த்தாலும் கம்பம். அது வேறு படம், டிசம்பர் கிரேன் வேறு படம். இரண்டையும் ஒன்றில் திணிக்காதே.

நம்ம ஊர் இந்தப் பக்கம் உயரமே இல்லை. 18-இல் எடுத்தால் நூல் மாதிரித்தான் தெரியும். 200-க்குப் போ, கிரேன் படகுக்கு மேலேயே வந்து நிற்கும். கப்பல் இல்லாத நேரத்தில் கிரேன் கையை மேலே தூக்கி வைத்திருப்பார்கள். சரக்கு இறங்கும்போது அது படுக்கையாக இருக்கும். தூக்கிய கைதான் எனக்குப் பிடிக்கும். படகுக் கம்பம் அதன் குறுக்கே வராமல் ஓரடி இடம் வலம் நகர்ந்து பார். இரண்டுக்கும் நடுவே விரற்கடை வானம் தெரிந்தால் போதும்.

இனி டோனிங், அதாவது கருப்பு-வெள்ளைப் படத்துக்கு நிறச் சாயல் ஏற்றுவது. நீ படம் முழுக்கப் பழுப்பைக் கொட்டுகிறாய், அதுதான் ஆல்பம் ஆகிறது. இருட்டறையில் செபியாவுக்கு முதலில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் புரோமைடும் கலந்த பிளீச் (வெளுக்கும் கரைசல்). பிரிண்டில் வெள்ளி உலோகம் குறைவாக உள்ள வெளிர் பகுதியை அது முதலில் தின்னும். சீக்கிரம் எடுத்துக் கழுவிவிட்டால் கருப்பு அப்படியே நிற்கும். பிறகு சல்ஃபைடு கரைசலில் போட்டால் வெளிச்சம் மட்டும் பழுப்பாகும். (அழுகிய முட்டை நாற்றம். வீட்டில் சாப்பாடு கிடைக்காது.) செலினியம் டோனர் நேர் எதிர்: அடர்ந்த நிழலை முதலில் பிடித்து இன்னும் ஆழமாக்கும். நீ கணினியில் இதையே செய்: ஹைலைட்டில் (வெளிர் பகுதியில்) ஹியூ (எந்த நிறம்) 45, சாச்சுரேஷன் (நிற அடர்த்தி) 8, நிழலில் ஹியூ 230, சாச்சுரேஷன் 4. நடு டோனைத் தொடாதே. பார்க்கிறவருக்கு நிறம் போட்டது தெரிந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

பாலத்தடி:
செபியாவை இவ்வளவு திட்ட வேண்டாம் அண்ணே. 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் ஸ்டேஷனை முழுச் செபியாவில் எடுத்து வைத்திருக்கிறேன், அழகாகத்தான் இருக்கிறது.

ராயபுரம் இருட்டறை:
ஸ்டேஷனுக்குச் சரி. நேற்று கன்டெய்னர் இறக்கிய கிரேனுக்கு எதற்குப் பழைய மெட்ராஸ் வேஷம்?

உப்புக்காற்று:
ஒன்று சேர்க்கிறேன். கலர் பிரிண்ட் போடும் லேபில் சுத்தமான கருப்பு-வெள்ளையைக் கொடுத்தால் லேசாகப் பச்சையோ மெஜந்தாவோ ஏறி வரும். எனக்கு ஒரு லேபில் மூன்று பிரிண்டும் பச்சைதான். அண்ணன் சொன்ன அளவுக்கு டோன் இருந்தால் அது அவ்வளவாகக் கண்ணில் படாது. முதலில் சின்ன அளவில் போட்டு, டியூப்லைட்டில் அல்ல, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். அப்புறம் துறைமுக வளாகத்துக்குள் அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள்.

தண்டையார்பேட்டை தம்பி:
நன்றி அண்ணே. மேட் தாளா, பளபளப்பா?

ராயபுரம் இருட்டறை:
ஹாலில் எதிரே ஜன்னல் இருந்தால் மேட். ஆனால் மேட்டில் கருப்பு கொஞ்சம் வெளுக்கும், அதனால் கோப்பில் நிழலை இன்னும் ஒரு பிடி இறக்கிக் கொடு.