எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன்: ‘இறைப்புப் பின்னம்’ வேண்டாம், ‘வெளியேற்று பங்கு’ போதும்

ஐயா, வணக்கம். இதயத்தின் கீழறையில் நிரம்பிய குருதியில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கை ஆங்கிலத்தில் எஜெக்ஷன் ஃப்ராக்ஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழில் தாங்கள் முன்வைத்த ‘இறைப்புப் பின்னம்’ கிணற்றடியை நினைவூட்டும் அழகான சொல். முதலில் நானும் அதன் பக்கமே இருந்தேன். ஆனால், இந்த எண்ணை அளக்கும் படமுறைகளை ஒப்பிட்டுத் தமிழில் எழுத முற்பட்டபோது அது இடறியது.

இடது கீழறை நிரம்பியபோது 120 மில்லிலிட்டரும், சுருங்கி முடித்தபின் 50 மில்லிலிட்டரும் இருந்தால், வெளியேறியது 70. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 58. எக்கோ என்னும் இதய ஒலியலைப் படம் எடுப்பவர் ஓடும் படத்தை நிறுத்தி, அறை மிகப் பெரிதாகவும் மிகச் சிறிதாகவும் தெரியும் கணங்களில் உட்சுவரை ஒட்டிக் கோடு வரைகிறார். கோட்டுக்குள் அடங்கியதைக் கருவி வட்டத் தட்டுகளாக அடுக்கிக் கொள்ளளவைக் கணக்கிடுகிறது. இதயத்தின் நுனி படத்தில் சரியாக விழாவிட்டால் அறை குறுகித் தெரியும், கொள்ளளவும் குறைந்துவிடும். எம்.ஆர்.ஐ. அறை முழுவதையும் குறுக்குத் துண்டுகளாகப் படமெடுப்பதால் வடிவத்தை ஊகிக்க வேண்டியதில்லை. ஆகவே ஒப்பீட்டுக்கு அதையே உரைகல்லாகக் கொள்கிறார்கள். அணுக்கரு முறையிலோ, கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம் ஏற்றிய சிவப்பணுக்களிலிருந்து வரும் காமாக் கதிர்களின் எண்ணிக்கையே கணக்குக்கு அடிப்படை.

வழிகள் வேறானாலும் மூன்றும் சொல்வது, அறையில் நிரம்பியதில் எவ்வளவு வெளியேறியது என்பதைத்தான். எங்கே போனது என்பதை அன்று. இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஈரிதழ் வால்வு கசிந்தால் ஒரு பகுதி மேலறைக்கே திரும்பிவிடும். உடலுக்குச் செல்வது குறைந்திருந்தும் எண் நன்றாகவே தோன்றும். ‘இறைப்பு’, அதற்கு மாற்றாக எண்ணத்தக்க ‘உந்து’ ஆகிய இரண்டும் குருதி முழுவதும் உடலுக்குச் சென்று சேர்ந்ததுபோல் பொருள் தருகின்றன. தவிர, மூச்சிரைப்போடு வருபவரின் காதில் ‘இறைப்பு’ என்பது ‘இரைப்பு’ என்றே விழும். ‘உமிழ்வு’ என்றாலோ, அணுக்கரு அறிக்கையில் கதிர் உமிழ்வோடு மோதும்.

‘பின்னம்’ கணக்குப் பாடத்தில் நிலைத்த சொல்தான். ஆயினும் உடைந்த சிலையைப் பின்னப்பட்டது என்னும் வழக்கிருக்க, இதய அறிக்கையில் அதை வைக்க மனம் ஒப்பவில்லை. “பம்பிங் 58 சதவீதம்” என்று கேட்டதும் மீதி 42 போய்விட்டதென்று கலங்கும் குடும்பங்கள் உண்டு. உண்மையில் 55 முதல் 70 வரை இயல்பே. ‘பங்கு’ என்றால் எதில் பங்கு என்ற கேள்வி தானே எழும், நிரம்பியதில் என்று விடையும் சொல்லிவிடலாம்.

ஆகவே ‘வெளியேற்று பங்கு’ என்பதை முன்மொழிகிறேன். ‘குடிநீர்’ போல இது வினைத்தொகை. இடையில் ஒற்று மிகாது. எக்கோவில் கிடைத்த எண்ணும் எம்.ஆர்.ஐ.யில் கிடைத்த எண்ணும் ஒன்றுக்கு ஒன்று ஈடாகா. இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்சோரூபிசின் என்னும் மருந்தைப் பெறும் புற்றுநோயாளியைத் தொடர்ந்து கண்காணிக்கையில் இது மிகவும் முக்கியம். எனவே ‘எக்கோ வெளியேற்று பங்கு’ என்று முறையின் பெயரை முன்னே சேர்த்தே எழுத வேண்டும். இலங்கைப் பாடநூல்களில் கீழறை ‘இதயவறை’ என வழங்குவதால், அறைப்பெயரைச் சொல்லுக்குள் சேர்க்காமல் விட்டிருக்கிறேன்.