செவ்வாய்க்கிழமை மதியம் மட்டும் மத்திய அலை நிலையம் காணாமல் போகிறது: ரேடியோவில் கோளாறா?

கேள்வி கேட்டவர்:
அப்பாவுக்கு 81 வயது. பண்பலை அவருக்குப் பிடிக்காது. நாள் முழுக்க மத்திய அலையில் ஒரே நிலையம்தான். மூன்று வாரமாகச் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அது போய்விடுகிறது, ஐந்து மணிக்குத் திரும்புகிறது. அதே ரேடியோவில் பண்பலை நன்றாக வருகிறது. போன வாரம் ஒரு நாள் இரவிலும் நின்றது. அப்போது அதே இடத்தில் புரியாத மொழியில் யாரோ பாடினார்கள். பழுது பார்க்கும் கடைக்காரர் காயிலை மாற்ற 450 ரூபாய் கேட்கிறார். மாற்றிவிடலாமா?

வானொலி நேயர்:
பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். கிழமை பார்த்துக் கெட்டுப்போகிற காயிலை நான் கண்டதில்லை. ஒன்று சொல்லுங்கள்: நிலையம் போனதும் இரைச்சல் கூடுகிறதா, அல்லது இரைச்சலும் இல்லாமல் அமைதியாகிவிடுகிறதா?

கேள்வி கேட்டவர்:
கூடுகிறது. ஓட்டுக் கூரையில் மழை பெய்வதுபோல் இரைகிறது.

வானொலி நேயர்:
அப்படியானால் ஊர்தி அலையே, அதாவது பேச்சையும் பாட்டையும் சுமந்து வருகிற அலையே, நின்றிருக்கிறது. அது வந்துகொண்டிருந்து பேச்சு மட்டும் நின்றால் ரேடியோ ஊமையாக இருக்கும். அப்போது கோளாறு ஸ்டூடியோ பக்கம் என்று கொள்ளலாம். அலை நின்றால் ரேடியோ தானாகத் தன் உணர்திறனை ஏற்றிக்கொண்டு சுற்றிலும் இருக்கிற இரைச்சலையெல்லாம் அள்ளிக் கொட்டும். உங்கள் நிலையம் பராமரிப்புக்காக டிரான்ஸ்மிட்டரை நிறுத்துகிறது என்றே நினைக்கிறேன்.

மின்பணியாளர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் பண்பலைக் கோபுரத்தில் ஆள் ஏறி வேலை செய்யும்போதும் பாட்டு நிற்பதில்லை. இவர்கள் மட்டும் மூன்று மணி நேரம் நிறுத்துவானேன்? மாற்று டிரான்ஸ்மிட்டர் கூடவா இருக்காது?

ஓய்வுபெற்ற டிரான்ஸ்மிட்டர் ஊழியர்:
மாற்று டிரான்ஸ்மிட்டர் பல நிலையங்களில் உண்டு தம்பி. ஆனால் பெரும்பாலும் இரண்டுக்கும் கோபுரம் ஒன்றுதான். பண்பலையில் கோபுரம் வெறும் தாங்கி; ஏரியல் அதன் உச்சியில் தொங்கும், கீழ்ப்பகுதியில் தாராளமாக வேலை செய்யலாம். மத்திய அலையில் அந்த இரும்புக் கோபுரம் முழுவதுமே ஏரியல். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள்: அலைநீளம் சுமார் 320 மீட்டர், அதில் கால் பங்கு 80 மீட்டர். அவ்வளவு உயர இரும்பு, அடியில் ஒரு பீங்கான் இன்சுலேட்டர் மேல் நிற்கும். 100 கிலோவாட் அதற்குள் பாயும்போது உச்சியில் காக்கை உட்கார்ந்திருக்கும், ஒன்றும் ஆகாது. தரையில் நிற்கிற மனிதன் கை வைத்தால் வெளியே சிறு புள்ளி தெரியும், உள்ளே சதை வெந்திருக்கும். ஆகவே வர்ணம் அடிக்க, விளக்கு மாற்ற, இழுகம்பியின் முறுக்கைப் பார்க்க, எதற்காக ஏறினாலும் முதலில் நிறுத்தியாக வேண்டும்.

அடியில் உள்ள வேலைகளும் அப்படித்தான். பீங்கானில் தூசி படிந்து மழையில் நனைந்தால் மேற்பரப்பில் தீப்பொறி ஓடும். கடலோரமானால் உப்பும் சேரும். மின்னலை மண்ணுக்கு இறக்கும் உலோகக் குண்டுகளைத் துடைத்து, இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். நிலத்துக்குள் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி செப்புக் கம்பிகள், 120 வரை பதிப்பார்கள். செம்புக்கு விலை இருப்பதால் அதை வெட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு!

டிரான்ஸ்மிட்டருக்குள் கை விடுவது தனிக்கதை. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கன்டென்சர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். எர்த் கம்பி கட்டிய நீளக் கோலால் ஒவ்வொன்றையும் தொட்டு இறக்கிய பிறகுதான் கதவுக்குள் தலையை நீட்டுவோம். அவசரக்காரனுக்கு அங்கே வேலை இல்லை.

மின்பணியாளர்:
புரிந்தது ஐயா. கோல் விஷயம் எங்கள் தொழிலிலும் அதே. அந்த இரவு வந்த பாட்டு?

வானொலி நேயர்:
அதை நான் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி. பகலில் வளிமண்டலத்தின் மேலே வெயிலால் மின்னேற்றம் பெற்ற ஓர் அடுக்கு, டி அடுக்கு என்பார்கள், மத்திய அலையை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துவிடும். அலை இன்னும் மேலே போய்த் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். அதே அலைவரிசையில் வெளிநாட்டு நிலையம் இருந்தாலும் உள்ளூர் நிலையம் அதை அமுக்கி வைத்திருக்கும். உள்ளூர் நின்றால் அது எட்டிப் பார்க்கும். எங்களைப் போன்றவர்கள் பராமரிப்பு இரவுகளுக்காகவே விழித்திருப்போம். அடுத்த முறை ரேடியோவை மெல்லத் திருப்பிப் பாருங்கள். உள்ளே ஏரியலாக இருக்கிற ஃபெரைட் தண்டு திசை பார்த்துத்தான் அலையை வாங்கும். பக்கத்தில் எல்இடி விளக்கு எரிந்தால் அணைத்துவிடுங்கள், அதுவும் இரைச்சல் கிளப்பும்.

கேள்வி கேட்டவர்:
கடைக்காரரிடமிருந்து ரேடியோவைத் திரும்ப வாங்கிவிட்டேன். இவற்றை வாசித்துக் காட்டியதும் அப்பா ஒரு கேள்வி கேட்கிறார்: கோபுரம் தரையைத் தொடாமல் நிற்கிறது என்றால், உச்சியில் எரிகிற சிவப்பு விளக்குக்கு மின்சாரம் எப்படிப் போகிறது?

ஓய்வுபெற்ற டிரான்ஸ்மிட்டர் ஊழியர்:
நல்ல கேள்வி, அவருக்கு என் வணக்கம். சில கோபுரங்களின் அடியில் சங்கிலிக் கண்ணிகள் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு பெரிய வளையங்களைப் பார்க்கலாம். ஒன்றையொன்று தொடாது. ஒன்று தரைப்பக்கம், மற்றொன்று கோபுரப்பக்கம். அதுவும் ஒரு டிரான்ஸ்பார்மர்தான். விளக்குக்கான மின்சாரம் காற்றிடைவெளியைத் தாண்டிப் போய்விடும், ஒலிபரப்பு அலை கீழே இறங்காது. அந்த வளையங்களில் சிலந்தி வலை கட்டினால் அதைத் துடைக்கவும் நிறுத்தத்தான் வேண்டும்.