வெண்கலக் கைக்கடிகாரத்தில் துடைக்கத் துடைக்கக் களிம்பு, குமிழும் திரும்பவில்லை: உதவி தேவை

குளச்சல் துறை:
அனைவருக்கும் வணக்கம். என் வெண்கலக் கைக்கடிகாரத்தில் நான்கு மாதமாகக் களிம்பு பூக்கிறது. துடைத்தால் இரண்டே நாளில் மறுபடியும் வந்துவிடுகிறது. போன வாரம் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளப்பு வந்தது, ஆனால் ஆங்காங்கே இளஞ்சிவப்புத் திட்டுகளும் தோன்றிவிட்டன. நேற்றிலிருந்து சாவி கொடுக்கும் குமிழ் திரும்பவே இல்லை. இடுக்கி வைத்துத் திருகலாமா? வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் வாங்கிக் கொடுத்தது, விலை மிக அதிகம். நாளை காலை வேலைக்குப் போக வேண்டும், இன்று இரவுக்குள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

மார்த்தாண்டம் பட்டறை:
தம்பி, இடுக்கியை முதலில் தூர வையுங்கள். குமிழ் திருகி மூடும் வகையாக இருந்தால், நீங்கள் கொடுக்கும் பலத்தில் அது திருகி அமரும் புரிக்குழாய் கூட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பிறகு உள்ளே தண்ணீர் போக வழி திறந்துதான் கிடக்கும். கடிகாரம் ஓடுகிறதா, கண்ணாடிக்கு உட்புறம் ஆவி படிகிறதா, பின்மூடி எந்த உலோகம், வார் தோலா ரப்பரா, இவற்றைச் சொல்லாமல் மருந்து சொல்ல முடியாது.

வேளிமலை:
மாதம் ஒருமுறையாவது இந்தக் கேள்வி வருகிறது. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சமாகும். 1988இல் கடிகார வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா தம் கெஃபிகா கடிகாரத்தை வெண்கலக் கூட்டில் செய்தபோதும், 2011இல் பனேராய் நிறுவனம் தன் பிரான்சோ வெண்கலக் கடிகாரத்தை ஆயிரமே ஆயிரம் எண்ணிக்கையில் வெளியிட்டபோதும், வாங்கியவர்கள் அது நிறம் மாறும் என்று தெரிந்தேதான், அந்த மாற்றத்துக்காகவேதான் வாங்கினார்கள். செம்பு இருக்கும் இடத்தில் களிம்பு இருக்கும். அதைப் பொறுக்க முடியாதவர் எஃகுக் கடிகாரம் கட்டிக்கொள்ளலாம். புளி போட்டுத் தேய்த்தவருக்கு வெண்கலத்தின் அடிப்படையே புரியவில்லை என்றுதான் நான் கருதுகிறேன்.

வடசேரித் தட்டான்:
புளியைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் வீட்டுக் குத்துவிளக்குகளை மூன்று தலைமுறையாகப் புளியும் சாம்பலும் வைத்துத்தான் துலக்குகிறோம், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எனக்கு வேறொரு ஐயம் இருக்கிறது. இளஞ்சிவப்புத் திட்டு வருகிறது என்றால், அந்தக் கூடு வெண்கலமே அல்ல, பித்தளையாக இருக்கலாம். பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போனால் மிஞ்சும் செம்பு அப்படித்தான் சிவந்து தெரியும். தம்பியின் அண்ணனை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. சீட்டில் என்ன உலோகம் என்று எழுதியிருக்கிறது?

பறளியாறு:
நான் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். களிம்பு எல்லாம் ஒன்றல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழுப்பாகவோ கரும்பச்சையாகவோ இறுகிப் படியும் படலம் உலோகத்துக்குக் காப்பு. வெளிர்பச்சைத் தூளாகப் பூத்து, துடைத்தால் கையோடு வந்து, அடியில் குழி விடுவது நோய். கடற்காற்றின் உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே தங்கிவிட்டால், ஈரமும் காற்றும் கிடைக்கும் போதெல்லாம் அது மீண்டும் மீண்டும் வினைபுரிந்து கொண்டே இருக்கும். அருங்காட்சியகங்களில் பழைய சிலைகளைக் காப்பாற்றப் போராடுவது இதனோடுதான். மேலே தெரிவதைப் புளி கரைக்கும், ஆனால் உள்ளே தங்கியதை எடுக்காது. எனவே கேட்கிறேன்: களிம்பு பச்சையா, நீலமா? தூளா, படலமா? கடலில் இறங்கும்போது கட்டியிருந்தீர்களா? இரவில் எங்கே வைக்கிறீர்கள்?

குளச்சல் துறை:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். சுவிஸ் தயாரிப்பு. அலுமினிய வெண்கலம் என்று சீட்டில் இருக்கிறது. பின்மூடி எஃகு, வார் தோல். குமிழ் திருகி மூடும் வகைதான். கடிகாரம் ஓடுகிறது. கடலில் ஒருநாளும் கட்டியதில்லை. வேலை நேரத்தில் கழற்றி அங்குள்ள அலமாரியில் வைத்துவிடுவேன், இரவில் வீட்டில் பெட்டியில் இருக்கும். களிம்பு தூள்தான். நீலம் கலந்த பச்சை, குமிழின் அடியில் நல்ல நீலம். புளியோடு பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் சேர்த்தேன்.

வடசேரித் தட்டான்:
கம்பி நார் என்று முன்பே சொல்லியிருந்தால் பித்தளைப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். அமிலக் கரைசலில் தப்பித்தவறி இரும்பு இடுக்கியை விட்டுவிட்டால், கரைந்திருக்கும் செம்பு முழுவதும் திரும்பி வந்து நகையின் மேல் படிந்து சிவந்துவிடும் என்று என் பட்டறையில் வேலை பழக வரும் பையனுக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுப்பேன். உங்கள் கைக்கடிகாரத்தில் நடந்ததும் அதுதான். அந்தச் சிவப்பு மேற்பூச்சுதான், மென்மையான துணியால் பொறுமையாகத் தேய்த்தால் போய்விடும். உங்கள் அண்ணனை யாரும் ஏமாற்றவில்லை. அவசரப்பட்டுச் சொன்னதற்கு வருந்துகிறேன்.

முட்டம் கலங்கரை:
நம் கடற்கரைக்கு வெண்கலமே பொருந்தாது என்பது என் கருத்து. டைட்டானியம் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது, எடையும் எஃகில் பாதியை விடச் சற்றுத்தான் கூடுதல். சிட்டிசன் நிறுவனம் 1970இலேயே டைட்டானியத்தில் கைக்கடிகாரம் செய்துவிட்டது. மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் கிடக்கின்றன, இரண்டும் டைட்டானியத்தின் தாதுக்கள். நம் காலடியில் இருப்பதை விட்டுவிட்டு ஏன் செம்பைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

இரணியல் நெசவு:
அப்படிப் பார்த்தால் அதே மணலில் சிர்க்கானும் இருக்கிறதே. பீங்கான் கூடுகள் அதிலிருந்துதானே வருகின்றன? டைட்டானியம் எளிதில் கீறிக்கொள்கிறது. பீங்கானில் கத்தி போட்டாலும் கோடு விழாது. என் மைத்துனரிடம் ஒன்று உள்ளது, ஏழு ஆண்டாகப் புதிதுபோலவே இருக்கிறது.

வேளிமலை:
சிர்க்கான் வேறு, சிர்க்கோனியா வேறு. மணலில் கிடைப்பது சிர்க்கோனியமும் சிலிக்காவும் சேர்ந்த தாது. அதிலிருந்து சிலிக்காவை நீக்கி, சிர்க்கோனியம் ஆக்ஸைடாக்கி, இட்ரியா என்ற இன்னொரு ஆக்ஸைடைச் சேர்த்து நிலைப்படுத்தி, நுண்தூளாக்கி, அச்சில் அழுத்தி, 1400 டிகிரிக்கு மேல் சுட்ட பிறகே அது கடிகாரக் கூடாகும். சூளையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கும் என்பதால், அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டு அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். இவ்வளவையும் சமாளித்துத்தான் 1986இல் ராடோ, ஐடபிள்யூசி என்ற சுவிஸ் நிறுவனங்கள் பீங்கான் கடிகாரங்களைக் கொண்டுவந்தன. மணவாளக்குறிச்சி மணலைக் கையில் கட்டியிருக்கிறோம் என்று பேசுவது நெல்லைக் காட்டிப் புட்டு என்று சொல்வதற்குச் சமம்.

இரணியல் நெசவு:
நெல் இல்லாமல் புட்டும் இல்லையே, ஐயா. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் மணவாளக்குறிச்சியின் மோனசைட் என்ற தாதுவை உலகத்துக்குச் சொன்னார். ஊரின் பொருளை ஊர்க்காரர் அறிந்திருப்பதில் என்ன பிழை?

முட்டம் கலங்கரை:
பீங்கானில் கோடு விழாது என்பது உண்மை. ஆனால் துறைமுகச் சிமெண்டுத் தரையில் விழுந்தால் அது உடைந்துதான் போகும். உடைந்த கூட்டுக்கு ஒட்டு வேலை கிடையாது, முழுக் கூட்டையும் மாற்ற வேண்டும். கீறலோடு இருக்கும் டைட்டானியம் எனக்குப் போதும்.

பறளியாறு:
மக்களே, தம்பியின் கடிகாரத்தை யாரும் மறந்துவிடாதீர்கள். கடலில் இறங்கியதில்லை என்கிறார், அதனால் குளோரைடு மட்டுமே காரணம் என்ற என் எண்ணம் ஆட்டம் கண்டுவிட்டது. குமிழின் அடியில் நல்ல நீலம் என்று அவர் எழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது.

பழையாறு:
எனக்கும் அதுதான் உறுத்துகிறது, டீச்சர். தம்பி, ஒரே ஒரு கேள்வி: நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள்?

குளச்சல் துறை:
ஐஸ் பிளாண்டில். கம்ப்ரசர் அறைப் பொறுப்பு.

பழையாறு:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இத்தனை பேர் இருட்டில் தடவியிருக்க வேண்டாம். நானும் இருபத்திரண்டு ஆண்டு ஐஸ் பிளாண்டுகளில் பொறுப்பு பார்த்தவன். உங்கள் பிளாண்டில் குளிரூட்டும் அம்மோனியா போகும் பாதையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். குழாய், வால்வு, இணைப்பு என்று எதிலாவது செம்போ பித்தளையோ பார்த்திருக்கிறீர்களா? எல்லாமே இரும்பாகத்தான் இருக்கும். ஈரத்தோடு சேர்ந்த அம்மோனியா செம்பைக் கரைத்துத் தின்னும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. கரைந்த செம்பு அடர்நீலமாகத் தெரியும். நீங்கள் குமிழின் அடியில் பார்த்த நீலம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நிறம் மாறுவதோடு இது நிற்பதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவிலிருந்த படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை லாயங்களில் அவற்றைச் சேமித்து வைத்திருந்தார்கள். உறையை அச்சில் அழுத்தி இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிய இழுவிசையும் குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921இல்தான் தெளிவாயிற்று. பித்தளைக்கு இந்த ஆபத்து மிக அதிகம். வெண்கலம் அதைவிடத் தாங்கும், ஆனாலும் அதை அம்மோனியாவுக்கு நடுவே வைத்திருக்கக் கூடாது. வார் மாட்டும் கொம்புகளின் அடியில் மயிரிழை போன்ற கோடு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

என் ஊகத்தை நம்ப வேண்டாம், சோதித்துவிடுங்கள். மின்கம்பியிலிருந்து உரித்த செம்புக் கம்பியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஒரு துண்டை உங்கள் அலமாரியிலும் இன்னொன்றை வீட்டுப் பெட்டியிலும் ஒரு வாரம் போட்டு வையுங்கள். அலமாரித் துண்டு நீலம் பூத்தால், அதற்குப் பிறகு கவலைப்பட வேண்டியது கடிகாரத்தைப் பற்றி அல்ல. நாள் முழுவதும் அந்த அறைக்குள் இருப்பவருக்கு மூக்கு பழகிப்போய் வாசனையே தெரியாது. கந்தகத் திரியைப் பற்றவைத்து ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் காட்டுங்கள். கசிவு இருக்கும் இடத்தில் வெண்புகை கிளம்பும். அதையும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கதவைத் திறந்துபோட்டுச் செய்யுங்கள்.

வேளிமலை:
வெண்கலத்தில் நீலநிறம் வரவழைப்பதற்காகவே அம்மோனியா ஆவியில் உப்பும் சேர்த்து மூடி வைக்கும் சேகரிப்பாளர்களை எனக்குத் தெரியும். நிறத்தைப் பற்றி நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டேன், தம்பி பொறுத்துக்கொள்ளவும்.

மார்த்தாண்டம் பட்டறை:
குமிழ் திரும்பாததற்கும் இப்போது விடை கிடைத்துவிட்டது. புரிகளுக்கு நடுவே அந்த நீலக் களிம்பு இறுகிப் பிடித்திருக்கிறது. மெல்லிய எண்ணெய் ஒரு துளி விட்டு, ஒருநாள் ஊறவிட்டு, மிதமான சூடு காட்டினால் பெரும்பாலும் கழன்றுவிடும். ஆனால் வீட்டில் செய்யாதீர்கள், உள்ளே எண்ணெய் இறங்கினால் மிஷினுக்குக் கேடு. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, மிஷினை வெளியே எடுத்த பிறகு வெறும் கூட்டை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் பலமுறை மாற்றி மாற்றி ஊறவைக்கச் சொல்லுங்கள். ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். நீர் புகாத சோதனையும் செய்யாமல் திரும்ப வாங்காதீர்கள்.

முட்டம் கலங்கரை:
டைட்டானியமாக இருந்திருந்தால் அம்மோனியாவுக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இரணியல் நெசவு:
பீங்கானுக்கும் இல்லை.

பறளியாறு:
இரண்டு வாரமாகத் தம்பியிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. கம்பியில் என்ன தெரிந்தது என்று ஒரு வரி எழுதினால் மனம் நிம்மதியடையும்.

குளச்சல் துறை:
தாமதத்துக்கு மன்னிக்கவும், வேலை அதிகம். அலமாரியில் வைத்த கம்பி ஆறாம் நாளே நீலமாகிவிட்டது, வீட்டில் வைத்தது சற்று மங்கியதோடு சரி. கந்தகத் திரி காட்டியபோது இரண்டு வால்வுகளின் கழுத்தில் புகை வந்தது. முதலாளி மறுநாளே கசிவை அடைக்கும் பேக்கிங்கை மாற்றினார். என்னோடு வேலை பார்க்கும் பையனுக்குச் சில மாதமாகக் கண்ணெரிச்சல் இருந்தது, இப்போது இல்லை. கொம்பின் அடியில் ஒரு கோடு இருந்தது, பழுதுபார்ப்பவர் லென்ஸ் வைத்துப் பார்த்து அது கம்பி நார் கீறியது என்றார். குமிழ் கழன்றது, உள்தண்டில் மட்டும் லேசான துரு. வளையங்கள் மாற்றியாகிவிட்டன. பழையாறு அண்ணாச்சிக்கு நன்றி. பணிக்கு இப்போது பிளாஸ்டிக் வாட்ச்தான் கட்டிப் போகிறேன்.